ஷோகி சுருள் ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடர்ந்த தாடி, பிதுங்கிய கண்கள், கையில் உருவிய வாள், காலடியில் கொம்பு முளைத்த ஒரு குட்டிப் பேய். ஜப்பானியச் சுருள் ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே இந்த ஆளைச் சந்தித்துவிடுவார்கள். அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களும் இணைய ஏலத்தில் பார்த்து வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

யார் இவர்?

சீனாவில் ஜொங் குய், ஜப்பானில் ஷோகி. இரு நாட்டிலும் எழுதும் எழுத்து ஒன்றுதான், வாசிப்பு மட்டும் வேறு. பேய்களைப் பிடித்து ஒழிப்பவர். அந்தக் காலத்தில் நோயைக் கொண்டுவருவதே பேய்தான் என்று நம்பினார்கள். அதனால் ஷோகி ஒருவகையில் வைத்தியரும்கூட.

அவர் கதை என்ன?

தாங் வம்சத்துப் பேரரசர் சுவான்சோங் (ஆட்சி 712–756) படைப்பயிற்சியைப் பார்வையிட்டுவிட்டு அரண்மனை திரும்பினார். வந்ததும் குளிர்காய்ச்சல். ஒரு மாதத்துக்கு மேலாகியும் வைத்தியர்களால் தணிக்க முடியவில்லை. ஒருநாள் இரவு கனவில் குட்டிப் பேய் ஒன்று நுழைகிறது. ஒரு காலில் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால், அந்தக் கால் செருப்பு இடுப்பில் தொங்குகிறது. அரசரின் காதலி யாங் குய்ஃபெயின் வாசனைப் பையையும் அரசரின் பச்சைக்கல் புல்லாங்குழலையும் திருடிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடுகிறது. அப்போது தலைப்பாகையும் அங்கியும் தோல் காலணியும் அணிந்த பெரிய பேய் ஒன்று வருகிறது. சிறியதைப் பிடிக்கிறது, கண்ணைத் தோண்டுகிறது, கிழித்துத் தின்றுவிடுகிறது.

நீ யார் என்று அரசர் கேட்க, தேர்வில் தோற்றவன் என்கிறது அந்த உருவம். பின்னாளில் விரிந்த கதைகளில் இந்த இடம் இன்னும் கூர்மையாகிறது. தாங் வம்சத்தின் முதல் அரசர் காலத்தில் அரசுத் தேர்வில் தோற்றதால் அவமானம் தாங்காமல் அரண்மனைப் படிக்கட்டில் தலையை மோதி இறந்தார் ஜொங் குய். அரசர் இரக்கப்பட்டு, அதிகாரிக்குரிய அங்கி போர்த்தி மரியாதையோடு புதைக்கச் சொன்னார். அந்த நன்றிக்கடனுக்காகவே நாட்டிலுள்ள பேய்களையெல்லாம் ஒழிப்பேன் என்று சபதம் எடுத்தார். தேர்வில் நன்றாகத்தான் எழுதினார், முகம் கோரமாக இருந்ததால் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள் என்றும் ஒரு வடிவம் உண்டு. மக்களிடம் அதிகம் பரவியது இதுதான். காரணம் புரிகிறது.

அரசர் கண் விழித்தார். காய்ச்சல் போயிருந்தது. அரண்மனை ஓவியர் வூ தாவ்சியை அழைத்துக் கனவைச் சொன்னார், அவர் வரைந்து கொடுத்தார்.

உண்மையில் நடந்ததா?

கனவு நடந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கு மட்டும் உதைக்கிறது. ஜொங் குய் தோற்றது படைவீரர்களுக்கான தேர்வில் என்கிறது பழைய வடிவம். அந்தத் தேர்வை 702-இல் பேரரசி வூ சதியான்தான் தொடங்கினார். முதல் அரசர் காலமோ 618 முதல் 626 வரை. யாங் குய்ஃபெய் அந்தப் பட்டம் பெற்றது 745-இல். ஆனால் அதற்கு முன்பே காலமாகிவிட்ட அமைச்சர் ஜாங் யுவே, புத்தாண்டுக்கு அரசர் அனுப்பிய ஜொங் குய் படத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் நன்றி சொல்லி எழுதிய மடல் இருக்கிறது. ஆக, படம் ஒட்டும் வழக்கம் முந்தியது, அதற்குக் காரணம் சொல்லும் கதை பிந்தியது என்றே தோன்றுகிறது. கனவுக் கதையை நமக்குப் பதிவு செய்து வைத்த 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோவுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. தாங் காலத்துக்கு முன்பே இந்தப் பெயரில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று அவரே குறித்து வைத்தார்.

வூ தாவ்சி வரைந்த அந்த முதல் ஓவியம் இப்போது எங்கே?

இல்லை. வூ தாவ்சியின் கையால் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவுமே மிஞ்சவில்லை. ஆனால் அந்த ஓவியத்தைப் பற்றி ஒரு நல்ல கதை மிஞ்சியிருக்கிறது.

10-ஆம் நூற்றாண்டில் ஷு நாட்டு அரசரிடம் வூ தாவ்சியின் ஜொங் குய் வந்து சேர்ந்தது. இடது கையால் பேயைப் பிடித்து, வலது கையின் ஆள்காட்டி விரலால் கண்ணைத் தோண்டும் காட்சி. அரசருக்கு ஒரு யோசனை. கட்டைவிரலால் தோண்டினால் இன்னும் வலுவாக இருக்குமே, மாற்றிக் கொடு என்று ஓவியர் ஹுவாங் சுவானிடம் சொன்னார். ஹுவாங் சுவான் ஓவியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் தொடாமல், கட்டைவிரல் வைத்துத் தனியாகப் புது ஓவியம் ஒன்றை வரைந்து, இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: வூ தாவ்சியின் உருவத்தில் உடம்பின் பலம் முழுக்க, கண்ணின் பார்வைகூட, அந்த ஆள்காட்டி விரலில்தான் இருக்கிறது. விரலை மட்டும் மாற்ற வழியில்லை.

ஓவிய விமர்சனம் என்று எழுதப்பட்ட பல பக்கங்களைவிட இந்தப் பதில் மேல் என்பது என் கருத்து.

1072-இல் சோங் பேரரசர் ஷென்சோங், அரண்மனையிலிருந்த ஜொங் குய் ஓவியத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கச் செய்து, அச்சடித்து, அமைச்சர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். படம் அச்சுக்குப் போனது அப்படி.

ஜப்பானுக்கு எப்போது வந்தார்?

நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ஜப்பானிய ஷோகி 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாரா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹெகிஜா-எ, அதாவது தீயவற்றை ஒழிக்கும் படங்கள் என்ற தொகுதியில் ஒன்று. ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். ஐந்து படங்களும் முதலில் ஒரே நீளச் சுருளாக இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெட்டித் தனித்தனியாகத் தொங்கவிடும் சுருள்களாக்கினார்கள். உயரம் ஏறத்தாழ 26 செ.மீ.தான்.

இந்தத் தொகுதி நம் வாசகர்களுக்குத் தனி ஆர்வம் தரும். ஷோகியோடு நிற்கும் மற்றவர்களில் ஒருவர் பிஷாமோன்டென், அதாவது வைஸ்ரவணன், நாம் அறிந்த குபேரன். இன்னொருவர் சந்தனக் கந்தர்வன். குழந்தைகளைத் தாக்கும் பேய்களை அடக்குபவராக வருகிறார். மூன்றாவது, தெய்வப் பூச்சி. பட்டுப்பூச்சி போன்ற உருவம், காலையில் மூவாயிரம் பேய், மாலையில் முந்நூறு பேய் தின்னுமாம். இந்தியாவிலிருந்து பௌத்தம் வழியாக வந்தவர்களும் சீனத்திலிருந்து வந்தவரும் ஒரே சுருளில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஷோகி படத்துக்கான குறிப்பே ‘சம்புத் தீவில் ஷோகி என்றொருவர் உண்டு’ என்றுதான் தொடங்குகிறது. நம் இலக்கியங்கள் நாவலந்தீவு என்று சொல்லும் அதே இடம். நோய்ப் பேய்களைப் பிடித்துக் கண்ணைத் தோண்டி, உடலைக் கிழித்து எறிவார், ஆகவே புத்தாண்டில் வீட்டைக் காக்க இவர் உருவத்தை வரைந்து கதவில் ஒட்டுகிறார்கள் என்று அது முடிகிறது.

கதவில் ஒட்டுவது என்றால், சுருள் எப்படி வந்தது?

கதவில் ஒட்டிய தாள் மழையிலும் வெயிலிலும் போய்விடும். அடுத்த ஆண்டு புதிது ஒட்டுவார்கள். சுருள் வேறு வாழ்க்கை வாழ்வது. காகெஜிகு என்று ஜப்பானியர் சொல்லும் தொங்கும் சுருளில், பட்டிலோ தாளிலோ வரைந்த ஓவியத்தின் பின்புறம் பல அடுக்குத் தாள் ஒட்டி, சுற்றிலும் பட்டுத்துணி வைத்து, கீழே உருளைக் கட்டை கோப்பார்கள். பெரிய வீட்டு வரவேற்பறைகளில் டொகொனோமா என்ற உள்வாங்கிய மாடம் இருக்கும். பருவத்துக்கு ஏற்ற ஓவியத்தை அதில் சில நாள் தொங்கவிட்டு, மறுபடி சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

இந்தச் சுருட்டும் வேலைதான் கைத்திறன் கேட்பது. கெட்டியான பசை போட்டால் சுருட்டும்போது ஓவியம் மடிந்து வெடிக்கும். அதனால் கோதுமை மாவுப் பசையைச் சாடியில் பத்தாண்டு வரை முதிரவிட்டு, ஒட்டும் வலு குறைந்த பிறகு பயன்படுத்துகிறார்கள். பலவீனமான பசை என்பதால் தாள்கள் வளைந்து கொடுக்கும். பின்னொரு காலத்தில் பழுதுபார்க்க வேண்டி வந்தால் ஓவியத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்கவும் முடியும்.

ஷோகியை எப்படி அடையாளம் காண்பது?

தாடி, பிதுங்கிய கண், சீன அதிகாரியின் கருப்புத் தொப்பி (பின்னால் இரண்டு சிறகு போல நீட்டிக்கொண்டிருக்கும்), அகலக் கை வைத்த அங்கி, காலணி, நேரான இருபுறக் கூர் வாள். ஜப்பானிய வாள் ஒருபக்கம் மட்டுமே கூர் உள்ளது, சற்றே வளைந்தது. நேர்வாளைப் பார்த்தாலே ஆள் சீனத்தவர் என்று தெரிந்துவிடும். போதும், இதைக் கண்டுபிடிக்க நிபுணத்துவம் தேவையில்லை.

அப்படியென்றால் ஓவியத்தில் எதைப் பார்ப்பது?

பேயை. ஜப்பானியர் ஓனி என்று சொல்லும் அந்தக் கொம்புக்காரனை.

ஷோகியின் உருவம் நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. தாடியும் தொப்பியும் வாளும் மரபு கொடுத்தவை, ஓவியருக்கு அங்கே சுதந்திரம் குறைவு. ஓனியிடம்தான் அவர் மனம் வெளிப்படும். 12-ஆம் நூற்றாண்டு நாரா ஓவியத்தில் ஓனிக்கு நேர்வது நிஜமான வதை. பார்க்கும் நமக்கே கண் கூசும். எடோ காலத்துக்கு (1603–1868) வந்தால் நிலைமை வேறு. ஓனி ஷோகியின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான், தொப்பி மேல் ஏறி உட்கார்ந்து கேலி செய்கிறான். ஷோகி இன்னும் அதே கோபத்தில் தவறான பக்கம் முறைத்துக்கொண்டிருப்பார். சில படங்களில் ஓனியே கிடையாது, ஷோகியின் பார்வை போகும் திசை மட்டும் இருக்கும். அதுவும் ஒரு சாமர்த்தியம். ஓனி எங்கே என்று நாம் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

சுருள் ஒன்று கையில் வந்தால் ஷோகியின் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு (தொடாமல்!) ஓனியை மட்டும் பாருங்கள். அதன் கைகால்கள் எலும்போடு இருக்கின்றனவா, பயம் முகத்தில் மட்டுமா அல்லது விரல் நுனி வரைக்குமா என்று கவனியுங்கள். தேறிய ஓவியருக்கும் அச்சுக்கோத்தது போல வரைந்து தள்ளியவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

சிலவற்றில் உடல் முழுக்கச் சிவப்பாக இருப்பது ஏன்?

பெரியம்மை. சிவப்பு நிறம் அம்மைப் பேயை விரட்டும், அல்லது சாந்தப்படுத்தும் என்ற நம்பிக்கை எடோ கால ஜப்பானில் ஆழமாக இருந்தது. அம்மை கண்ட குழந்தையைச் சுற்றிச் சிவப்புத் துணி, சிவப்புப் பொம்மை, சிவப்பில் மட்டுமே அச்சடித்த படங்கள். நோய் தீர்ந்ததும் அந்தப் படங்களை எரிப்பார்கள் அல்லது ஆற்றில் விடுவார்கள். இன்று அவற்றில் குறைவாகவே மிஞ்சியிருப்பதற்கு அதுவும் காரணம். அந்தப் படங்களில் ஷோகிக்கு முக்கிய இடம்.

சுருளிலும் சிவப்பு ஷோகி உண்டு. சாதிலிங்கச் சிவப்பு ஒன்றையே அடர்த்தியும் வெளிறலுமாக மாற்றி மாற்றி முழு உருவத்தையும் வரைவார்கள். புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாய் (1760–1849) 1846-இல் வரைந்த சிவப்பு ஷோகி டோக்கியோவின் சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானியக் கணக்கில் அப்போது அவருக்கு 87 வயது. ஒரே நிறம்தான். ஆனால் தாடியின் ஒவ்வொரு இழையிலும் காற்று வீசுகிறது. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1849-இல், நாகசாகிக்கு வேலை செய்யும் அம்மைப்பால் வந்து சேர்ந்தது. அதன் பிறகு அம்மை குத்துவது நாடெங்கும் பரவியது. சிவப்பு ஷோகிக்கு மெல்ல மெல்ல வேலை குறைந்தது.

எந்த நாளில் தொங்கவிடுவார்கள்?

சீனாவில் முதலில் ஆண்டுக் கடைசியிலும் புத்தாண்டிலும். பின்னர் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளுக்கு இடம் மாறினார். வெயில் ஏறி, பூச்சியும் நோயும் பெருகும் காலம் அது.

ஜப்பானில் அந்த நாள் ஆண் குழந்தைகளின் விழா, டாங்கோ நோ செக்கு. மகன் பிறந்த வீட்டில் ஷோகி வரைந்த நீளக் கொடியை வெளியே ஏற்றுவார்கள், உள்ளே சுருளைத் தொங்கவிடுவார்கள், ஷோகி பொம்மையும் வைப்பார்கள். 1873-இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியதும் விழா மே 5-க்கு வந்தது. 1948 முதல் அது குழந்தைகள் தினம், அரசு விடுமுறை. இன்று அந்த நாளில் கண்ணில் படுவதெல்லாம் கெண்டை மீன் கொடிகள்தான். ஷோகி பொம்மைக் கடைகளில் இன்னும் இருக்கிறார்.

காவல் தெய்வத்தைக் கேலியாக வரையலாமா?

வரைந்தார்கள், தாராளமாக. ஜென் துறவி ஹகுயின் (1686–1769) வரைந்த ஒன்றில் ஷோகி ஓனிகளை உரலில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறார். வரைந்தவர் தம் காலத்தின் மிகப் பெரிய ஜென் ஆசான் என்பதை நினைவில் வையுங்கள். மனத்தின் பேய்களைப் பற்றிப் பேசியவருக்கு உரல் வேடிக்கையாகவும் இருந்திருக்கிறது, பாடமாகவும் இருந்திருக்கிறது.

கவானபே கியோசாய் (1831–1889) இதில் மன்னர். ஷோகியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒன்றில் ஷோகி ஓனியைக் காலால் உதைத்து வானத்தில் பறக்கவிடுகிறார். ஓனி காற்றில் சுருண்டு சிறிதாகிப் போய்க்கொண்டிருக்கும், சுருளின் நெடிய உயரம் முழுக்க அந்த உதையின் வேகத்துக்கே செலவாகியிருக்கும். தொங்கும் சுருளின் வடிவத்தை இவ்வளவு புத்திசாலித்தனமாகப் பயன்படுத்திய படங்கள் குறைவு. உகியோ-எ என்ற நகர வாழ்க்கைப் படங்களை வரைந்த ஓவியர்களோ ஷோகியைக் கேளிக்கைத் தெருப் பெண்களோடு சேர்த்து வரைந்து அவர் மானத்தை வாங்கினார்கள். அந்த மாதிரிப் படங்களில் ஓனியைவிட ஷோகியே பாவம்.

இதனால் யாருக்கும் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. கேலி செய்யும் அளவுக்கு நெருங்கியவர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அவரைக் கும்பிடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. காவலுக்கு வைக்கிறார்கள். கியோட்டோவின் பழைய மர வீடுகளில் வாசலுக்கு மேலுள்ள சின்னக் கூரையில் ஓடு மண்ணால் செய்த ஷோகி நிற்பார். உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. எதிரே ஒரு மருந்துக் கடைக்காரர் பெரிய பேய்முக ஓடு வைத்தார், எதிர் வீட்டுப் பெண் நோயில் விழுந்தாள், ஷோகியை வைத்ததும் குணமானாள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. எதிர் வீட்டிலும் ஷோகி இருந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைக்காதபடி சற்றே திருப்பி வைப்பது நாகரிகம்.

நீகாட்டா மாகாணத்தின் ஆகா வட்டாரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோல் ஷோகி கட்டுகிறார்கள். உடம்பில் எங்கே வலி என்று தாளில் எழுதி, வைக்கோலோடு சேர்த்து உள்ளே கட்டிவிடுவார்கள். முகமோ தொப்பியோ ஓவியத்தில் இருப்பது போல இருக்காது.

சீன ஓவியமும் ஜப்பானிய ஓவியமும் எதில் வேறுபடுகின்றன?

சீனாவில் ஜொங் குய்க்குக் குடும்பம் உண்டு. தங்கையைக் கல்யாணம் செய்து கொடுக்கிறார், பல்லக்கில் போகிறார், பேய்களே அவர் வேலைக்காரர்கள். கோங் காய் (1222–1307) வரைந்த நீளச் சுருள் வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அண்ணனையும் தங்கையையும் பேய்கள் சுமந்து செல்லும் ஊர்வலம் அது. மங்கோலியர் ஆட்சியில் வாழ்ந்த, பழைய சோங் அரசை மறக்காத ஒருவர் வரைந்தது என்பதால் அதில் அரசியல் வாசிப்பவர்கள் பலர். ஜப்பானில் குடும்பமும் ஊர்வலமும் பின்னுக்குப் போய்விட்டன. ஒற்றை ஷோகி, ஒற்றை ஓனி, நடுவே வெற்றுத் தாள். எனக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கும்.

ஏலத்தில் ஒன்று பார்த்தேன், வாங்கலாமா?

பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடு என்று நினைத்து வேண்டாம். ஆண் குழந்தை பிறந்த வீடுகளுக்கெல்லாம் தேவைப்பட்ட படம் என்பதால் ஊர்ப்புற ஓவியர்கள் இதை ஏராளமாக வரைந்திருக்கிறார்கள். பழையது என்பது மட்டும் விலையைக் கூட்டாது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வண்ணம் சீரான புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. மையின் விளிம்பு நாருக்குள் கசிந்திருந்தால் தூரிகை. ஹொகுசாய் கையொப்பம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அவர் பெயரில் போலிகள் அவர் காலத்திலிருந்தே ஓடுகின்றன. சுற்றியுள்ள துணி புதிதாக இருப்பது குறையாகாது. சுருள்களுக்கு மறுபடி மறுபடி துணி மாற்றுவது வழக்கம்தான். மரப் பெட்டியின் மூடியில் எழுத்து இருந்தால் அதைப் படமெடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆனால் பெட்டி ஒன்று, ஓவியம் வேறு என்று சேர்த்து விற்பதும் உண்டு.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

வெயில் படாத சுவர், குளிர்சாதனக் காற்று நேராக அடிக்காத இடம். சில வாரம் தொங்கவிட்டு இறக்கிவிடுங்கள். சுருட்டும்போது இறுக்க வேண்டாம். சாதிலிங்கம் போன்ற தடித்த வண்ணம் உள்ளவற்றுக்கு உருளையின் மேல் இன்னொரு பருத்த மர உருளையைப் பூட்டிச் சுற்றுவார்கள், வண்ணம் உதிராமல் இருக்க. பௌலோனியா மரப் பெட்டி ஈரத்தைத் தாங்கும். மழைக்காலத்தில் திறக்காமல், காற்று உலர்ந்த நாளில் வெளியே எடுத்து ஆற்றி வையுங்கள். மடிப்பு விழுந்தால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

நாரா, சுமிதா இரண்டையும் மேலே சொன்னேன். கியோசாய்க்கென்றே சைதாமா மாகாணம் வாராபியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஷோகிகள் உண்டு. ஆனால் போகும் நாளில் சுவரில் இருப்பார் என்று நம்பிப் புறப்பட வேண்டாம். பட்டும் தாளும் வெளிச்சத்தில் நலியும் என்பதால், ஜப்பானில் தேசியப் பொக்கிஷமான ஓவியங்களை ஆண்டுக்கு மொத்தம் 60 நாளுக்கு மேல் காட்சிக்கு வைப்பதில்லை. வெளிச்சமும் 150 லக்ஸுக்குள்தான். அருங்காட்சியகத்தின் காட்சிப் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். மே மாதத்தை ஒட்டி ஷோகியை வெளியே எடுக்க வாய்ப்பு அதிகம்.